பழுதுபார்த்த பிறகு சன்ரூஃப் மூடவில்லையா? ரீசெட் செய்ய முழுமையான வழிகாட்டி

போன கார்த்திகையில் எங்கள் காரின் சன்ரூஃப் (கூரையில் திறந்து மூடும் கண்ணாடி) ஓடும் தண்டவாளம் உடைந்து, கல்முனைப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் மாற்றினோம். காசைக் கொடுத்துவிட்டு மட்டக்களப்பை நோக்கி வந்துகொண்டிருந்தேன். கல்லாற்றுப் பக்கம் நல்ல காற்று என்று கண்ணாடியைத் திறந்தேன். களுவாஞ்சிக்குடியில் தூறல் தொடங்கியது. மூடும் பட்டனை அழுத்தினால் கண்ணாடி பாதி தூரம் வந்தது, நின்றது, பிறகு பின்னுக்கே போனது. ஏழெட்டுத் தரம் அழுத்தியும் அதேதான். ஆரையம்பதியில் ஒரு கடையில் பொலித்தீன் வாங்கிக் கூரையில் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது பின் சீற் முழுக்க ஈரம். மகளின் புத்தகப்பை ஊறிப்போயிருந்தது.

அடுத்த நாள் காத்தான்குடியில் வாகன வயரிங் வேலை செய்யும் ஒரு காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) கொண்டுபோனேன். அவர் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. "தம்பி, இதுல பழுதொண்டும் இல்ல. அதுக்கு மூடுற இடம் மறந்து போச்சு. படிப்பிச்சுக் குடுத்தாச் சரி" என்றார். பட்டனில் விரலை வைத்து, எடுக்காமல், அரை நிமிடத்துக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மூடியது, கொஞ்சம் திறந்தது, அப்படியே நின்றது. கெட்டுவிட்டது என்று நான் நினைத்த நேரத்தில் திரும்ப மூடி, பின்பக்கத்தைத் தூக்கி, இறக்கி, முழுதாகத் திறந்து, முழுதாக மூடியது. "இப்ப நீங்க அமத்திப் பாருங்க, மறுகா போங்க" என்றார். ஒரு தட்டுத்தான். தானாகவே மூடியது.

அன்றைக்கு அவரிடம் கேட்டதையும், அதன் பிறகு கையேடுகளைப் பார்த்தும் சொந்தக் காரிலும் சொந்தக்காரர்களின் கார்களிலும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இலங்கையில் 2020இல் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் இங்கே ஓடும் சன்ரூஃப் கார்களில் நிறையவே பத்துப் பதினைந்து வயதானவை. றப்பர் காய்ந்து, கண்ணாடியைத் தண்டவாளத்தில் ஓடவைக்கும் பிளாஸ்டிக் வழுக்கிகள் தேய்ந்து, ஒவ்வொன்றாகக் கராஜுக்கு வரும் காலம் இது. பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள், பாகங்களும் கிடைக்கின்றன. கடைசியில் செய்யவேண்டிய இந்த ரீசெட்டைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஏன் மறக்கிறது

கூரைக்குள், முன் சீற்றுக்கு மேலே உள்லைட் இருக்கும் இடத்துக்குப் பின்னால், ஒரு 12 வோல்ட் மோட்டர் இருக்கும். அதன் பல்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு சுருள் கம்பிகள் பிடித்திருக்கும். சக்கரம் சுழலும்போது ஒன்றை இழுக்கும், மற்றதைத் தள்ளும். இரண்டும் எதிரெதிர் வழியாகச் சுற்றிப் போய் இடப்பக்கத் தண்டவாளத்தையும் வலப்பக்கத் தண்டவாளத்தையும் சேர்வதால், கண்ணாடியின் இரு ஓரமும் ஒரே திசையில் ஓடுகின்றன.

கண்ணாடி எங்கே நிற்கிறது என்பதை மோட்டர் கண்ணால் பார்ப்பதில்லை. தான் எத்தனை சுற்றுச் சுற்றினேன் என்று உள்ளே இருக்கும் சென்சர் மூலம் எண்ணிக்கொள்கிறது. முழுதாக மூடிய இடம் பூச்சியம். அங்கிருந்து இத்தனை எண்ணிக்கை போனால் திறந்த எல்லை, இந்தப் பக்கம் இத்தனை போனால் தூக்கும் எல்லை. மோட்டரைக் கழற்றினாலோ, கண்ணாடி ஓடிக்கொண்டிருக்கும்போது மின் அறுந்தாலோ, பற்றரி செத்தாலோ இந்தக் கணக்குக் குழம்பிவிடும்.

இன்னொன்றையும் அது நினைவில் வைத்திருக்கிறது: ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு பலம் தேவைப்படும் என்பதை. வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தடை வந்தால் யாருடைய கையோ தலையோ அகப்பட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு பின்வாங்கும். உயிர் காக்கும் ஏற்பாடு அது. ஆனால் புதுத் தண்டவாளமும் புது றப்பரும் போட்ட பிறகு தடை மாறியிருக்கும். பழைய கணக்கை வைத்திருக்கும் மோட்டருக்குப் புது றப்பரின் இறுக்கம்கூட யாரோ அகப்பட்டது போலத்தான் தெரியும். எங்கள் கண்ணாடி களுவாஞ்சிக்குடியில் திரும்பத் திரும்பப் பின்வாங்கியது இதனால்தான்.

ரீசெட் தேவை என்பதற்கு அடையாளங்கள் உண்டு. ஒரு தட்டில் தானாகத் திறந்து மூடும் வசதி போயிருக்கும், பிடித்துக்கொண்டிருந்தால் மட்டும் ஓடும். அல்லது ஒரு அழுத்தத்துக்கு ஒரு விரல் அளவு மட்டும் நகரும். அல்லது மூடி முடிக்கும் நேரத்தில் திரும்பும். பட்டனை அழுத்தியும் சத்தமே இல்லை என்றால் அது வேறு பிரச்சினை. முதலில் பியூஸைப் பாருங்கள்.

பட்டனைத் தொட முன்

ரீசெட் என்பது மோட்டருக்குப் படிப்பிப்பது. கோணலாக நிற்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு படிப்பித்தால் அது கோணலையே படிக்கும். அதனால் இந்தப் பகுதிக்கு நேரம் கொடுங்கள். ரீசெட் தோற்றுப்போனது என்று என்னிடம் வந்த கார்களில் பிழை பெரும்பாலும் இங்கேதான் இருந்தது.

முதலில் தண்டவாளம். நம் ஊரில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுதி கூரை இடுக்கெல்லாம் ஏறும். கல்லடி, பாசிக்குடா, திருக்கோவில் என்று கடலோரம் நிறுத்தும் கார்களில் மணலும் உப்பும் சேரும். மாரி வந்ததும் எல்லாம் பழைய கிறீஸோடு குழைந்து களியாகிவிடும். கண்ணாடி திறந்திருக்கும் நிலையில் ஈரத்துணியால் தண்டவாளத்தின் குழியைத் துடையுங்கள். ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் மூலைகளுக்கு உதவும். பழைய கிறீஸ் முழுதாகப் போன பிறகு, தண்டவாளத்துக்கு உரிய கிறீஸை மெல்லிய பூச்சாக மட்டும் பூசுங்கள். அள்ளிப் பூசினால் அடுத்த கச்சானுக்கு அதுவே மணலைப் பிடித்து வைக்கும். றப்பருக்குச் சிலிக்கன் கிறீஸ்தான் நல்லது. என்ஜின் ஒயிலும் சாதாரணக் கிறீஸும் றப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

அடுத்தது கண்ணாடியின் மட்டம். மூடிய நிலையில் ஒரு விரலைக் கூரையில் இருந்து கண்ணாடிக்கு இழுத்துப் பாருங்கள். முன்விளிம்பு கூரையோடு சமமாக அல்லது 1 மில்லிமீற்றர் அளவு பதிந்திருக்க வேண்டும். பின்விளிம்பு சமமாக அல்லது அதே அளவு உயர்ந்திருக்கலாம். இது பொதுவான அளவு, உங்கள் காரின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே எடுங்கள். முன்பக்கம் உயர்ந்திருந்தால் ஓட்டத்தில் காற்று இரையும். பக்கத்து மூடியைக் கழற்றினால் கண்ணாடியைத் தாங்கும் திருகாணிகள் தெரியும். அவற்றைக் கொஞ்சம் தளர்த்தி, மட்டம் பார்த்து இறுக்கலாம். நான்கு மூலைக்கும் பொறுமை வேண்டும், ஒன்றைத் தொட்டால் மற்றது கொஞ்சம் அசையும்.

அப்புறம் இரண்டு பக்கமும் சேர்ந்து ஓடுகின்றனவா என்று பாருங்கள். கண்ணாடியைக் கால்வாசி திறந்து, இடப்பக்க இடைவெளியையும் வலப்பக்க இடைவெளியையும் ஒரு அடிமட்டத்தால் அளவுங்கள். ஒரு பக்கம் முந்தினால் சுருள் கம்பி பல்சக்கரத்தில் ஒரு பல் தாண்டிப் பூட்டப்பட்டிருக்கிறது. அதை எந்த ரீசெட்டும் திருத்தாது. கராஜுக்குத் திரும்பிப் போய், மோட்டரை இறக்கி, இரண்டு பக்கத்தையும் மூடிய நிலைக்குக் கொண்டுவந்து பூட்டச் சொல்லுங்கள்.

மோட்டரைக் கழற்றியிருந்தால்

பாவித்த மோட்டர் வாங்கிப் போடுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய வாகனப் பாகக் கடையில் வாங்கிய மோட்டர் இன்னொரு காரில் எந்த நிலையில் நின்றபோது கழற்றப்பட்டதோ அந்தக் கணக்கோடுதான் உங்கள் கைக்கு வருகிறது. கண்ணாடி திறந்திருந்தபோது கழற்றிய மோட்டரை, மூடிய கண்ணாடியில் பூட்டிப் பட்டனை அழுத்தினால், இன்னும் மூடவேண்டும் என்று நினைத்து முழுப் பலத்தோடு தள்ளும். பிளாஸ்டிக் வழுக்கிகள் அப்படித்தான் உடைகின்றன.

உங்கள் சொந்த மோட்டரையே கழற்றிப் பூட்டுவதானால் வழி சுலபம். கண்ணாடியை முழுதாக மூடிய பிறகு கழற்றுங்கள். வெளியே இருக்கும்போது அதற்கு மின் கொடுத்துச் சுழற்றிப் பார்க்காதீர்கள். கண்ணாடியையும் கையால் நகர்த்தாதீர்கள். அப்படியே திரும்பப் பூட்டுங்கள். வேறு மோட்டர் என்றால், அந்த மாதிரிக்குரிய பழுதுபார்க்கும் கையேட்டில் மோட்டரைப் பூச்சிய நிலைக்குக் கொண்டுவரும் முறை இருக்கும். அதைப் பார்க்காமல் பூட்ட வேண்டாம். சில ஐரோப்பியக் கார்களில் புது மோட்டரை ஸ்கேனர் கருவி மூலம்தான் அறிமுகப்படுத்த முடியும்.

கூரைத் துணியை இறக்க நேர்ந்தால் ஒரு எச்சரிக்கை. பல கார்களில் ஓரங்களில் எயார்பாக் ஓடுகிறது. பற்றரியின் மறை (மைனஸ்) முனையைக் கழற்றி, உங்கள் காரின் கையேடு சொல்லும் நேரம்வரை பொறுத்த பிறகுதான் அந்தப் பகுதியில் கை வைக்க வேண்டும். கண்ணாடியை மூடிவிட்டே பற்றரியைக் கழற்றுங்கள்.

ரீசெட்

காரை மேடு பள்ளம் இல்லாத இடத்தில், திறந்த வெளியில் நிறுத்துங்கள். என்ஜினை ஓடவிடுங்கள், ஹைபிரிட் என்றால் ஓடத் தயார் என்ற விளக்கு எரியட்டும். பற்றரி பலவீனமாக இருந்தால் மோட்டர் நடுவில் தடுமாறி, அந்தத் தடுமாற்றத்தையே பதிந்துகொள்ளும். மீற்றர் இருந்தால் பாருங்கள்: என்ஜின் நிற்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் குறைந்தால் முதலில் சார்ஜ் செய்யுங்கள். மூடிய கராஜுக்குள் என்ஜினை ஓடவிட்டு இதைச் செய்யாதீர்கள், புகை உயிரைக் குடிக்கும்.

பிள்ளைகளைக் காரை விட்டு இறக்கிவிடுங்கள். இதை நான் மன்றாட்டமாகவே எழுதுகிறேன். ரீசெட் நடக்கும் நேரத்தில் பல கார்களில் கை அகப்பட்டால் பின்வாங்கும் பாதுகாப்பு வேலை செய்யாது. தடை எவ்வளவு என்று கற்றுக்கொள்ளும் நேரம் அது. எந்தத் தடையையும் தாண்டி மூடும். கூரைக்கு மேலே யாரும் கை வைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது.

இனிப் பட்டன். பொதுவான முறை ஒன்றுதான்: மூடும் பட்டனையோ தூக்கும் பட்டனையோ பிடித்துக்கொண்டு, கண்ணாடி தன் எல்லைகளுக்கெல்லாம் ஒருமுறை போய் வரும் வரை விடாமல் இருப்பது. எந்தப் பட்டன், எத்தனை விநாடி என்பது மாதிரிக்கு மாதிரி மாறும்.

பல டொயோட்டா மாதிரிகளின் கையேட்டில் இப்படி இருக்கிறது. மூடும் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். கண்ணாடி மூடும், திரும்பத் திறக்கும், 10 விநாடி அளவு நிற்கும். பிறகு மீண்டும் மூடி, பின்பக்கம் தூக்கி, 1 விநாடி நிற்கும். கடைசியாக இறங்கி, திறந்து, மூடும். முழுதாக மூடியதைக் கண்ணால் பார்த்த பிறகே விரலை எடுக்க வேண்டும். அந்த 10 விநாடியில்தான் பெரும்பாலானவர்கள் விரலை எடுத்துவிடுகிறார்கள். நின்றுவிட்டது, முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். எடுத்தால் எல்லாம் முதலில் இருந்து.

ஹூண்டாய், கியா கார்கள் பலவற்றில் இரண்டு கட்டம். கண்ணாடியை மூடிவிட்டு விரலை எடுங்கள். பிறகு மூடும் திசையில் 10 விநாடி அளவு தள்ளிப் பிடியுங்கள், கண்ணாடி சின்னதாக ஒரு அசைவு அசையும். அப்போது விட்டு, உடனேயே திரும்பவும் அதே திசையில் தள்ளிப் பிடியுங்கள். கண்ணாடி இறங்கி, திறந்து, மூடும். அது முடியும்வரை விடக் கூடாது. முதல் அசைவுக்கும் இரண்டாவது தள்ளலுக்கும் நடுவில் சில விநாடிதான் அவகாசம், யோசித்துக்கொண்டு இருந்தால் கட்டம் தவறிவிடும்.

மற்றக் கார்களுக்கு ஊகித்து முயற்சி செய்வதைவிடக் கையேட்டைப் பாருங்கள். ஜப்பானில் இருந்து வந்த கார் என்றால் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும். கைத்தொலைபேசியின் கமராவால் மொழிபெயர்க்கும் செயலிகள் அந்தப் பக்கத்தை வாசிக்கப் போதும். சன்ரூஃப் பகுதியில், பற்றரி கழற்றிய பிறகு செய்யவேண்டியவை என்ற இடத்தில் தேடுங்கள். பெரிய பனோரமிக் கூரை உள்ள கார்களில் உள்ளே ஓடும் திரைக்கும் தனி மோட்டர் இருக்கலாம். அதையும் தனியாகப் பழக்க வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் நின்றால்

மூன்று தரம் முயன்றும் முடியவில்லை என்றால் நான்காவது தரத்துக்குப் போகாதீர்கள். மோட்டர் சூடாகியிருக்கும், சூட்டில் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பும் அதற்கு உண்டு. ஒரு தேநீர் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து வாருங்கள். அதற்குள் கண்ணாடி எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒரு பென்சிலால் குறித்து வையுங்கள். ஒவ்வொரு தரமும் அதே இடத்தில் நின்றால் அங்கே ஏதோ தடுக்கிறது: மடிந்த றப்பர், தண்டவாளத்தில் ஒரு கல், இறுக்காத திருகாணி. ஒவ்வொரு தரமும் வேறு வேறு இடத்தில் நின்றால் மின்னைச் சந்தேகியுங்கள்: பற்றரி, பூமி (எர்த்) வயர், சரியாகக் குத்தாத இணைப்பி.

ரீசெட் சரியாக முடிந்து, அடுத்த நாள் காலையில் திரும்ப மறந்திருந்தால், நினைவுக்கு மின் கொடுக்கும் வழி அறுந்திருக்கலாம். சாவியை எடுத்த பிறகும் மின் வரவேண்டிய பியூஸ் ஒன்று இருக்கும், அதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

மழை வந்துவிட்டது, கண்ணாடி அசையவே இல்லை என்றால் கையால் மூடவும் பல கார்களில் வழி உண்டு. கூரையில் இருக்கும் அந்த உள்லைட்டின் மூடியைக் கழற்றினால் மோட்டரின் அடியில் ஒரு ஓட்டை தெரியும். காரோடு வந்த அலன் சாவியையோ (ஆறு மூலை உள்ள L வடிவச் சாவி), கையேடு சொல்லும் கருவியையோ அதில் வைத்து மெதுவாகச் சுற்றினால் கண்ணாடி வரும். நான் அன்றைக்கு இதை அறிந்திருந்தால் பொலித்தீன் வாங்கியிருக்கத் தேவையில்லை. அப்படிக் கையால் மூடிய பிறகும் ரீசெட் செய்யவேண்டி வரும்.

சோதித்துப் பார்ப்பது

ஒரு தட்டில் முழுதாகத் திறக்கிறதா, ஒரு தட்டில் முழுதாக மூடுகிறதா, தூக்கி இறக்குகிறதா என்று இரண்டு சுற்றுப் பாருங்கள். பிறகு பாதுகாப்பு. ஒரு துவாயை இறுக்கமாகச் சுருட்டி, கையகல இடைவெளியில் வைத்து, தானாக மூட விடுங்கள். துவாயில் பட்டதும் பின்வாங்க வேண்டும். கையை வைத்துச் சோதிக்கவே கூடாது. துவாயை நசுக்கிக்கொண்டு மூடினால் அந்தக் காரை வீட்டுப் பிள்ளைகள் ஏறும் காராகப் பாவிக்காதீர்கள், சரிசெய்யும்வரை சன்ரூஃப் பியூஸைக் கழற்றி வையுங்கள்.

இந்தப் பாதுகாப்புக்கு எல்லை இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய விதிமுறையின்படி 4 மில்லிமீற்றரில் இருந்து 200 மில்லிமீற்றர் வரையான இடைவெளியில், அகப்பட்டதன்மேல் 100 நியூட்டனைத் தாண்டும் முன் கண்ணாடி திரும்ப வேண்டும். ஏறத்தாழ 10 கிலோ எடை அழுத்தும் பலம் அது. கடைசி 4 மில்லிமீற்றரில் காவல் இல்லை. ஓடும் காரில் பிள்ளைகள் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வருவதைத் திருவிழாக் காலங்களில் நம் வீதிகளில் பார்க்கிறேன். ஒரு பிரேக் அடித்தால் அந்தக் கண்ணாடி விளிம்பில்தான் கழுத்து மோதும். தயவுசெய்து விடாதீர்கள்.

தண்ணீர் போகும் வழி

கண்ணாடி முழுதாக மூடியிருந்தாலும் றப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும், அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் ஒரு தட்டில் விழுந்து, மூலைகளில் இருக்கும் குழாய்கள் வழியாகத் தூண்களுக்குள் இறங்கி, காருக்கு அடியில் வெளியேறும். பழுதுபார்க்கும்போது இந்தக் குழாய் கழன்றிருந்தால், அல்லது வேப்பம்பூவும் மணலும் அடைத்திருந்தால், ரீசெட் எவ்வளவு சரியாக இருந்தாலும் காரின் தரை நனையும்.

கண்ணாடியைத் திறந்து, ஒவ்வொரு மூலையிலும் அரைக் கோப்பைத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஒருவர் கீழே குனிந்து பார்க்கட்டும். ஒரு நிமிடத்துக்குள் சக்கரத்தின் பக்கம் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் தடித்த தங்கூசி நூலை மேலே இருந்து விட்டுச் சுழற்றிச் சுழற்றி இறக்குங்கள். மீன்பிடிச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் அது கிடைக்கும். நுனியை நெருப்பில் காட்டி உருண்டையாக்கிக்கொண்டால் குழாயைக் கிழிக்காது. காற்றுக் குழாயால் வேகமாக அடிக்கவேண்டாம். தூணுக்குள் இணைப்பு கழன்றால் கூரைத் துணியையே இறக்க நேரும்.

எங்கள் காரில் இடது முன் குழாய் அடைத்திருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தோம். ஐப்பசி பிறக்கும்போது ஒருமுறையும் தைக்குப் பிறகு ஒருமுறையும் இந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்துவருகிறேன். அடுத்த முறை பற்றரி மாற்றும்போதும், பற்றரிக்காரர் ஸ்பனரை எடுக்க முன்பே கண்ணாடியை முழுதாக மூடி, பட்டனில் இருந்து கையை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகே முனையைக் கழற்றச் சொல்லுங்கள்.